தொந்தர லேது

அத்தையின் வாயிலிருந்து ஒரு கெட்ட செய்தி வந்து நான் கேட்டதே இல்லை. இதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் எனக்குச் சொந்த அத்தை இல்லை. ஆந்திர எல்லைக்குள் இருக்கும் நகரியில் எங்கள் எதிர்வீடு. எங்கள் தெருவில் பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். பாதிப் பேர் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பவர்லூம் ஓட்ட வந்து, ரேஷன் கார்டு வாங்கி, இங்கேயே தங்கிவிட்டவர்கள். காய்கறி வாங்குகிற அளவுக்குத் தெலுங்கு எல்லோருக்கும் வரும். ஆஸ்பத்திரி, கரண்ட் ஆபீஸ், மண்டல ஆபீஸ், பள்ளிக்கூடம் என்று போய் நின்றால் மட்டும் வாய் கட்டிக்கொள்ளும். எதிரில் இருப்பவர் பேசுவதும் பாதிதான் காதில் விழும். நாள் முழுக்கத் தறிச் சத்தத்தில் நிற்கிறவர்களுக்குக் காது அப்படித்தான் ஆகிவிடுகிறது. அத்தை புத்தூர்ப் பக்கம் தெலுங்கு வீடுகளுக்கு நடுவில் வளர்ந்து எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். இரண்டு மொழியும் அவருக்கு வலது கை, இடது கை மாதிரி. அதனால் தெருவில் யாருக்கு எந்த ஆபீஸில் வேலை என்றாலும் அத்தையும் கூடப் போவார்.

போகும்போது கையில் ஒரு கறுப்பு ரெக்சின் பை இருக்கும். ஜிப் அறுந்துபோன இடத்தில் ஊக்கு குத்தியிருப்பார். உள்ளே தண்ணீர் பாட்டில், எங்கே வேண்டுமானாலும் விரித்து உட்கார ஒரு பாலிதீன் தாள், ஒரு பொட்டலம் மிக்சர். அதிகாரி பேசி முடிக்கும் வரை தலையை ஆட்டிக்கொண்டே நிற்பார். பிறகு, யாருக்காக வந்தாரோ அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, காதருகே குனிந்து, "அவரு இன்னா சொல்றாருன்னா..." என்று ஆரம்பிப்பார். அதற்குப் பிறகு வருவது அநேகமாக அவர் சொன்னதாக இருக்காது.

ஒருமுறை சாக்கடைத் தண்ணீர் விஷயமாகத் தெருமுனை வீட்டுத் தெலுங்கு அம்மாள் எங்கள் வாசலில் வந்து நின்று கத்தினாள். உங்கள் வீடு பாழாய்ப் போக என்று தொடங்கி, எங்கள் தலைமுறை வரை வந்துவிட்டாள். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கூப்பிடாமலே அத்தை வந்து அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அது இன்னா சொல்லுதுன்னா, வூட்ல எல்லாரும் சௌக்கியமான்னு கேக்குது. அப்டியே அந்தத் தண்ணிய கொஞ்சம் அந்தாண்ட திருப்பி வுட்டா நல்லாருக்கும்ன்னுது."

"அதுக்கு இன்னாத்துக்கு இப்டி கத்துது?"

"அவுங்க பக்கத்துல அப்டித்தான்மா. கத்திக் கேட்டாதான் மரியாத."

அம்மா உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். சண்டைக்கு வந்தவள் கையில் மோரை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? குடித்தாள். அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் இன்றுவரை எலுமிச்சை ஊறுகாய் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கிறது.

என் படிப்பும் இப்படி ஒரு பொய்யில்தான் நின்றது. ஒன்பதாவது படிக்கும்போது நைனாவைப் பள்ளிக்கு வரச் சொன்னார்கள். தலைமையாசிரியர் என் கணக்குத் தாளைக் காட்டி, இந்தப் பெண்ணுக்குப் படிப்பு வராது, பேசாமல் தறியில் உட்கார வையுங்கள் என்று தெலுங்கில் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரிந்தது. அத்தை நைனாவின் காதில் குனிந்தார்.

"அவரு இன்னா சொல்றாருன்னா, கணக்குதான் கொஞ்சம் இஸ்த்துக்கினு கீதாம். மத்ததுல்லாம் ஷோக்கா கீதாம். நடுவுல நிறுத்திடாதீங்க, பெரிய படிப்பு படிக்கும்ன்றாரு."

நைனா தலைமையாசிரியரைப் பார்த்துக் கும்பிட்டார். அவரும் ஒரு தகப்பன் தன் பேச்சைக் கேட்டுக்கொண்டான் என்று திருப்தியாகத் தலையாட்டினார். எங்கள் குடும்பத்தில் ரேகை வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அந்தக் கணக்கை இரண்டு வருடம் முட்டி மோதித் தேறியது நான். அதில் ஒரு மார்க்கைக்கூட யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். ஆனால் பள்ளிக்கூடத்துக் கதவு சாத்தாமல் இருந்ததற்கு அத்தையின் வாய்தான் காரணம் என்பதை எப்படி மறுப்பது? அதனால்தான் அவர்மேல் கோபம் வந்தாலும் முழுசாகக் கோபப்பட முடிந்ததில்லை.

கோபப்பட வேண்டிய இடமும் இருந்தது. மூலை வீட்டுக் கிழவரைச் சித்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், பார்க்க வேண்டியவர்களைக் கூப்பிட்டுவிடுங்கள் என்றார்கள். அத்தை சொன்னது: "வூட்டுச் சாப்பாடுதான் இனிமே மருந்தாம். கஞ்சி குடுங்க, தேறிக்குவாருன்றாரு." வீட்டில் நம்பினார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போயிருந்த மகளுக்கு ஆள் அனுப்பவில்லை. அவள் வந்து சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட்டிருந்தது. தெரு நடுவில் நின்று அத்தையைத் திட்டினாள்.

"எங்கப்பன் மூஞ்சிய பாக்க வுடாம பண்ணிட்டியே, நீ நல்லாருப்பியா?"

அத்தை அசரவில்லை. "போற வரைக்கும் பொழச்சுக்குவோம்ன்ற நெனப்புல துன்னாரு, தூங்கனாரு. அத்த கெடுத்துட்டு உனுக்கு மூஞ்சி காட்டணுமா?"

அன்றைக்கு நான் அந்த மகள் பக்கம். இன்றைக்கும் அப்படித்தான்.

நர்சிங் முடித்துத் திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், இருதய வார்டில், எனக்கு வேலை கிடைத்தது. அதற்குள் ஊர் மாறிவிட்டிருந்தது. தெருவில் வீட்டுக்கு ஓர் ஆள் குவைத்திலோ பெங்களூரிலோ இருந்தார்கள். அத்தையின் ஒரே மகனும் குவைத்தில் வண்டி ஓட்டப் போயிருந்தான். அவன் புண்ணியத்தில் தெருவின் முதல் டெலிபோன் அவர்கள் வீட்டுக்கு வந்தது. தெருக்காரர்களுக்கு நெஞ்சுவலி என்றால் இப்போது சித்தூர் இல்லை, நேராக என் ஆஸ்பத்திரிதான். அழைத்து வருவது அத்தைதான். பெருமையாக ரிசப்ஷனில் சொல்வார்: "மா அம்மாயி இக்கட நர்ஸு." எங்கள் பெண் இங்கே நர்ஸ்.

அப்படி ஒருநாள் யாரோ ஒரு பாட்டியைக் கூட்டி வந்தார். லிப்ட் வேலை செய்யவில்லை. பாட்டி படியேறி மேலே வந்துவிட்டாள். அத்தை பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். இன்னொரு கை தாடையை அழுத்திக்கொண்டிருந்தது. நெற்றியெல்லாம் வேர்வை.

"இன்னா அத்தே?"

"ஒண்ணியும் இல்லடி. வாய்வு. தாடைல வந்து குந்திக்கினு கீது. ஒரு சோடா குடிச்சா ஏப்பத்துல பூடும்."

"எத்தினி நாளா?"

"மாடிக்குத் தண்ணி தூக்கறப்ப மட்டும்தான். நின்னா நின்னுடும்."

நடந்தால் வருவது, நின்றால் நிற்பது, தாடைக்கு ஏறுவது. பெண்களுக்கு நெஞ்சுக் குழாய் அடைப்பு இப்படியும் வரும் என்று எனக்குப் பாடமே எடுத்திருக்கிறார்கள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் இ.சி.ஜி. எடுக்க வைத்தேன். அப்புறம் கெஞ்சி, மிரட்டி, மாமாவையும் வரவழைத்து, ஆஞ்சியோகிராம் பண்ண வைத்தேன். மாமா என்றால் அத்தையின் வீட்டுக்காரர். பொதட்டூர்ப்பேட்டையிலிருந்து தறிக்கு வந்தவர். எங்கள் தெருவிலேயே தெலுங்கு சுத்தமாக வராதவர் அவர்தான். வர வேண்டிய தேவையும் இருந்ததில்லை, பக்கத்தில் அத்தை இருந்தார்.

படத்தில் இடது பக்கத்துப் பெரிய குழாயின் வாசலிலேயே அடைப்பு தெரிந்தது. டாக்டர் நிதானமான மனிதர். அத்தையிடம் தெலுங்கில் பொறுமையாகச் சொன்னார். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, சிறுநீரகத்தைப் பரிசோதித்து, ஸ்டென்ட் வைப்பதா பைபாஸ் செய்வதா என்று நாங்கள் உட்கார்ந்து பேசி, ஒரு நாள் குறித்துச் செய்துவிடலாம் என்றார். கடைசியாக, "தொந்தர லேதம்மா. கானி வாய்தா வேயொத்து" என்றார்.

தெலுங்கில் தொந்தர என்றால் அவசரம். அவசரம் இல்லையம்மா, ஆனால் தள்ளிப்போடாதே என்றார் அவர்.

வெளியே பெஞ்சில் மாமா உட்கார்ந்திருந்தார். அத்தை அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார்.

"அவரு இன்னா சொல்றாருன்னா, தொந்தர இல்லையாம்."

எங்கள் ஊர்த் தமிழில் தொந்தரவைத் தொந்தர என்றுதான் சொல்வோம். மாமா முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. "அப்பாடா" என்று எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"அத்தே!" என்றேன். "மாமா, அப்டி இல்ல மாமா. இன்னிக்கே பண்ணணும்ன்ற அவசரம் இல்லன்னு சொல்றாரு. அடைப்பு பெரிய அடைப்பு. தள்ளிப் போடக் கூடாதுன்றாரு."

மாமா என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். முப்பது வருடமாக அவருக்குக் காதாக இருந்தவர் அத்தை. நான் நேற்று முளைத்தவள்.

"தொந்தர இல்லன்னுதான சொன்னாரு? நானே இங்கருந்து கேட்டேனே, அந்த வார்த்த காதுல வுழுந்துதே," என்றார் மாமா.

அத்தை என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அவருக்குப் புரியாமல் இல்லை. எந்த மொழியில் கேட்பது என்பதை அவரே முடிவு செய்துகொண்டார். வாக்கியத்தின் அடுத்த பாதியை எந்த மொழியிலும் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நகரிக்குப் போய் அவர்கள் வீட்டில் உட்கார்ந்தேன். கரண்ட் இல்லை, தறி நின்றிருந்தது. பேசினால் கேட்கும். இந்த முறை மாமாவிடம் நேராகத் தமிழிலேயே சொல்லிவிடுவது என்று தயாராகப் போயிருந்தேன்.

"மாமா, நாம நாளு குறிச்சி போனா, ரத்தம் கட்டாத இருக்க மாத்திரை முன்னாடியே குடுத்து வெச்சிருப்பாங்க. சக்கர, பிரஷர், கிட்னி எல்லாம் பாத்திருப்பாங்க. வெறும் வயித்துல படுக்க வெச்சி, பெரிய டாக்டருங்க எல்லாரும் இருக்கறப்ப நிதானமா செய்வாங்க. அதே அடைப்பு திடீர்னு முழுசா மூடிக்கினா கத வேற. மாருல சத செத்துக்கினே இருக்கும், அப்பவே செய்யணும். பிரஷர் எறங்கிடும். படத்துல தெரியறதுக்கு குழாய்ல வுடற மருந்துத் தண்ணிய கிட்னி தாங்காது. ரத்தம் கசியலாம். பக்கவாதம் வரலாம். அதே ஆளு, அதே குழாய், ஆனா ஆபத்து அத்தோட நிக்காது, பல மடங்கு."

"நாளு குறிச்சி செஞ்சா ஆபத்தே இல்லையா?" அத்தை கேட்டார். குரலில் ஒரு குழைவு. நான் விழுந்தேன்.

"கொஞ்சம் இருக்கும் அத்தே. எதுலதான் இல்ல? ஆனா ரொம்பக் கம்மி."

அத்தை மாமாவின் மணிக்கட்டைப் பிடித்தார். "அவ இன்னா சொல்றான்னா, செஞ்சாலும் ஆபத்து, செய்யலன்னாலும் ஆபத்தாம்."

தமிழிலிருந்து தமிழுக்கு! நான் எழுந்து நின்று கத்தியேவிட்டேன். அத்தை சிரித்துக்கொண்டே எனக்கு ஒரு தட்டில் மிக்சர் போட்டு நீட்டினார். "துன்னு நர்ஸம்மா. படிச்ச பொண்ணு இப்டி கத்தினா எவன் கட்டிக்குவான்?"

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் டெலிபோனில் நடந்தது. முதலில் குறித்த நாள் ஆடியில் வந்தது. ஆடியில் யாராவது நெஞ்சைத் தொடுவார்களா என்றார். அதுவும் கிருத்திகைக்குத் திருத்தணி போகிற காவடிக்காரர்களுக்கு மோர் ஊற்றுவது தெருவில் அவர் பொறுப்பு. "முருகன் வுட்டா வரேன்டி." சரி, ஆவணியில் ஒரு நாள் வாங்கினேன். அட்மிஷனுக்கு வந்தார், முந்தின நாள் ஏதோ கல்யாணத்தில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு. சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்தது. டாக்டர், இந்த நிலையில் செய்தால் நல்லதில்லை, குறைத்துக்கொண்டு அடுத்த வாரம் வாருங்கள் என்றார். திட்டமிட்டுச் செய்வதன் நன்மையே அதுதான், ஒரு வாரம் காத்திருக்கலாம். அத்தை அதையும் பிடித்துக்கொண்டார்.

"பாத்தியா, டாக்டரே வாய்தா போட்டாரு. நான் போட்டா மட்டும் தப்பா?"

அடுத்த வாரம், மகன் தீபாவளிக்கு வரட்டும் என்றார். மகனிடம் நானே பேசிவிடுவது என்று, வெள்ளிக்கிழமை அவன் போன் பண்ணும் நேரம் பார்த்து அவர்கள் வீட்டில் போய் உட்கார்ந்தேன். அத்தை எடுத்துப் பேசிவிட்டுத்தான் ரிசீவரை என்னிடம் கொடுத்தார்.

"அம்மா ஒண்ணும் தொந்தர இல்லன்னு சொல்றாளே?" என்றான் அவன்.

"உங்கம்மா பொய் சொல்றாங்க."

"எங்கம்மாவ அப்டிப் பேசாத. உனுக்குப் படிப்பு இருந்தா அது உன்னோட."

அப்புறம் அவனே இறங்கி வந்து, லீவு கேட்டுப் பார்க்கிறேன் என்றான். ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினால் அத்தை தலையை வாரிக்கொண்டிருந்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். நான் வாங்கிக்கொடுத்த மாத்திரைகள் ஜன்னல் மேடையில் பாதி பிரிக்காமலே இருந்தன. வலி வந்த அன்றைக்கு மட்டும் சாப்பிடுவாராம்.

தீபாவளிக்கு முன்பே அது வந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. கரண்ட் போய் மாமா தறியை விட்டு எழுந்து வந்திருக்கிறார். அத்தை சமையலறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ரவிக்கை நனைய வேர்த்து, வாந்தி எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். வாய்வு, சோடா வாங்கி வா என்றிருக்கிறார். மாமா சோடா வாங்கி வந்தார். அது இறங்கவில்லை என்றதும் இஞ்சி தட்டிக் கொடுத்தார். அப்புறம் எங்கள் அம்மா போய்ப் பார்த்துவிட்டு அலறி, ஊர் டாக்டர் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, கார் பிடித்து, புத்தூர் கேட்டில் ரயிலுக்காக நின்று, திருப்பதி வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. ஸ்ட்ரெச்சரைக் கண்டதும் ஓடினேன். அத்தையின் கை ஈரமாகச் சில்லென்று இருந்தது. வயிற்றின் மேல் அந்தக் கறுப்புப் பையை யாரோ வைத்திருந்தார்கள்.

பார்த்தவர் வேறு டாக்டர், இளைஞர். மாமாவிடம் சம்மதக் காகிதத்தையும் பேனாவையும் நீட்டி வேகமான தெலுங்கில் சொன்னார். பெரிய குழாய் முழுக்க மூடிவிட்டது. ரத்த அழுத்தம் விழுகிறது. உடனே குழாயைத் திறக்க வேண்டும். திறந்தாலும் உயிருக்கு உறுதி சொல்ல முடியாது. கிட்னி போகலாம், மூளையில் ரத்தம் கசியலாம், மேஜையிலேயே நின்றும் போகலாம். "சால தொந்தரகா செய்யாலி" என்று முடித்தார். மிக அவசரமாகச் செய்ய வேண்டும்.

மாமாவுக்கு அத்தனையிலும் அந்த ஒரு வார்த்தைதான் விழுந்தது.

"தொந்தரவா? தொந்தர இல்லன்னுதான சொன்னாங்கோ? இன்னாம்மா சொல்றாரு இவுரு?"

இந்த முறை அவருடைய மணிக்கட்டைப் பிடித்தது நான். டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல், ஒன்று கூட்டாமல், அப்படியே சொன்னேன். சரியாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தானே படித்தேன். நான் சொல்லி முடித்ததும் மாமா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"கையெழுத்து போட்டு நானே சாவடிக்கணுமா? முடியாது. பையன் வரட்டும்."

"மாமா, பையன் குவைத்துல கீறான்! ஒவ்வொரு நிமிஷமும் மாருல சத செத்துக்கினு கீது!"

"நீ பயமுறுத்தறே. நீ எப்பவுமே பயமுறுத்தறவ."

டாக்டர் என்னைப் பார்த்தார். உண்மை முழுசையும் சொல்லியாகிவிட்டது. அதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அப்போது ஸ்ட்ரெச்சரில் அத்தை மூக்கு மேல் இருந்த ஆக்சிஜன் மாஸ்க்கைக் கையால் தள்ளிவிட்டார். மாமாவின் பக்கம் கையை நீட்டினார். மாமா குனிந்தார்.

"அவரு இன்னா சொல்றாருன்னா..." மூச்சு வாங்கியது. "சின்ன வேலதான். ஒடனே சரியாப்பூடுமாம். போடு."

மாமா போட்டார். எங்கே என்றுகூடப் பார்க்காமல் போட்டார்.

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு நானும் கதவு வரை போனேன். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னதெல்லாம் நேரத்தைத் தின்றது. அவருடைய ஒரு பொய் கதவைத் திறந்துவிட்டது. அத்தை என் விரலைப் பிடித்து இழுத்தார். மாமா பின்னாலேயே வந்துகொண்டிருந்ததால், தெலுங்கில் சொன்னார்.

"நாகு தெலுசு. ஆயனகி செப்பொத்து."

எனக்குத் தெரியும். அவருக்குச் சொல்லாதே.

அவர் எனக்குத் திருத்தாமல் சொன்னது அது ஒன்றுதான்.

குழாயைத் திறந்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் இருதயத்தில் பாதிக்கு மேல் செத்துப்போயிருந்தது. ரத்த அழுத்தம் மருந்திலேயே தொங்கியது. பிறகு சிறுநீர் நின்றது. டயாலிசிஸ் வைத்தோம். நான் பாடத்தில் படித்ததெல்லாம், மாமாவிடம் அடுக்கிச் சொன்னதெல்லாம், ஒன்றன்பின் ஒன்றாக வரிசை மாறாமல் வந்தது. சொன்னது பலித்தால் ஒரு திருப்தி இருக்கும் என்பார்கள். எனக்கு அந்த மானிட்டரை உடைக்க வேண்டும் போல இருந்தது. மகன் விமானம் பிடித்து வந்து சேர்ந்தபோது அத்தைக்கு நினைவில்லை. ஒரு விடியற்காலையில் முடிந்தது.

காரியமெல்லாம் ஆகி, மகன் திரும்பக் குவைத்துக்குப் போன பிறகு, ஒரு லீவில் நகரிக்குப் போனேன். கரண்ட் இல்லாத மதியம். மாமா தறிக்கு அடியில் குனிந்து அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். ஆணியில் அந்தக் கறுப்புப் பை தொங்கியது. என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார். மெலிந்திருந்தார்.

"குந்தும்மா. உன்ன ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்."

உட்கார்ந்தேன்.

"மொதல்ல பாத்தாரே அந்த நெதானமான டாக்டரு. அவுரு தொந்தர இல்லன்னுதான சொன்னாரு? ஊர்ல நாலு விதமா பேசறானுங்கோ. டாக்டரு செய்யச் சொன்னாராம், நான்தான் அலட்சியமா வுட்டு சாவடிச்சிட்டேனாம். பையனும் போன்ல மின்ன மாதிரி பேசறதில்ல." கையிலிருந்த நூலை உருட்டிக்கொண்டே இருந்தார். "எனுக்கு அவ சொன்னதுதான் தெரியும். நீ கூட இருந்தவ. படிச்சவ. நீ பொய் சொல்ல மாட்டே. சொல்லு."

எத்தனையோ மாதமாக நான் தொண்டை கிழியக் கத்தியும் கேட்காத மனிதர், இப்போது என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தறியும் ஓடவில்லை. மெதுவாகச் சொன்னால்கூடக் கேட்கும்.

"ஆமா மாமா," என்றேன். "தொந்தர லேதுன்னுதான் சொன்னாரு."

ஓர் எழுத்து பொய் இல்லை. டாக்டர் சொன்ன அதே வார்த்தை.

மாமா நீளமாக மூச்சு விட்டார். "அதான பாத்தேன்," என்றார். "அவ எனுக்கு எப்பவும் சரியாத்தான் சொல்லுவா."

வாக்கியத்தின் அடுத்த பாதி என் நாக்கிலேயே நின்றது. கரண்ட் வந்துவிட்டது. தெரு முழுக்கத் தறிகள் ஒன்றாக அடிக்கத் தொடங்கின. மாமா எழுந்து தன் தறியின் சுவிட்சைப் போட்டார். இனிமேல் நான் எவ்வளவு கத்திச் சொன்னாலும் அவருக்குக் கேட்காது.